பழைய பாமினித் தளத்தை வலைத்தர நியமப்படி திருத்தி எழுத: எங்கே தொடங்கலாம்?

இணுவில்_இணையன் (கேள்வி)

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

வலிகாமத்தில ஒரு சனசமூக நிலையத்தின்ர இணையத்தளத்தைத் திருத்தித் தரச்சொல்லிக் கேட்டிருக்கினம். மொத்தம் 140 பக்கம் வரும். பழைய பக்கங்கள் எல்லாம் அட்டவணைக்குள்ள அட்டவணை போட்டுக் கட்டினது. எழுத்து பாமினி (யூனிகோட் இல்லாத பழைய எழுத்துரு), ஒவ்வொரு பந்திக்கும் தனித்தனி 'ஃபொண்ட்' டேக். பிறகு வந்த ஒருத்தர் பேஜ் பில்டரில (டேக் எழுதாமல் இழுத்து வைச்சுப் பக்கம் கட்டுற கருவி) கொஞ்சப் பக்கம் செய்திருக்கிறார். அதில யூனிகோட்தான், ஆனால் தலைப்பு, பட்டியல், பொத்தான் எல்லாமே வெறும் 'டிவ்' (பொருள் ஒண்டும் சொல்லாத பெட்டி டேக்). விழா அழைப்பிதழ், கூட்ட அறிவித்தல், மரண அறிவித்தல் எல்லாம் படமாத்தான் கிடக்கு. அதோட உறுப்பினர் விண்ணப்பப் படிவம் ஒண்டும் மாதக் கணக்கறிக்கை அட்டவணைகளும்.

டேக்குகளை முறைப்படி போட்டு முழுசா எழுதவேணும் எண்டது என்ர விருப்பம். நிர்வாகசபையோ "பார்க்க வடிவாத்தானே கிடக்கு, நிறத்தை மட்டும் மாத்தினால் போதாதோ?" எண்டு கேக்குது.

எந்த ஒழுங்கில தொடங்கினால் ஒரே வேலையை ரெண்டு தரம் செய்யவேண்டி வராது? டபிள்யூ3சி வலிடேற்றரில (வலை நியம அமைப்பின்ர டேக் சோதனைக் கருவி) பிழை பூச்சியம் எண்டு வந்தால் போதுமோ? சபைக்கு இதை என்னெண்டு விளங்கப்படுத்துறது?

---

எழுத்தாணி

தம்பி, முதல்ல எழுத்தை மாத்துங்கோ. பாமினியில கிடக்கிற பக்கத்துக்கு எவ்வளவு ஒழுங்கான டேக் போட்டாலும் உள்ளுக்குக் கிடக்கிறது தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளின்ர குறியெண்ணில தமிழ் வடிவத்தை வரைஞ்சு வைச்சதுதான் பாமினி. அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் கலந்த வரிகள்தான் தெரியும். தேடுபொறிக்கும் திரைவாசிப்பானுக்கும் (திரையில உள்ளதைக் குரலில வாசிக்கிற மென்பொருள்) எழுத்துரு இருந்தாலும் இல்லாட்டியும் அதேதான்.

மாத்தேக்க முழு எச்டிஎம்எல் கோப்பையும் தூக்கி யூனிகோட் மாற்றிக்குள்ள போடாதேங்கோ. டேக் பெயர், இணைப்பு முகவரி, மின்னஞ்சல் எல்லாம் தமிழ் எழுத்தாகி உடைஞ்சுபோகும். சின்ன ஸ்கிரிப்ட் ஒண்டு எழுதி, 'ஃபொண்ட்' டேக்கில 'ஃபேஸ்' (எழுத்துருப் பெயர்) பாமினி எண்டு இருக்கிற இடத்தின்ர உள்ளுரையை மட்டும் எடுத்து மாத்துங்கோ. அதுக்கு முன்னம் தளம் முழுக்க இருக்கிற 'ஃபேஸ்' பெயர்களைப் பட்டியல் எடுத்துப் பாருங்கோ. ஒரே எழுத்துருவைப் பெரிய எழுத்திலும் சின்ன எழுத்திலும் பின்னால எண் சேர்த்தும் எழுதியிருப்பினம். ஒண்டைத் தவறவிட்டால் அந்தப் பந்தி அப்பிடியே நிண்டுபோகும். என்டிட்டிகளையும் (விசேட குறிக்குப் பதிலா எழுதுற குறிப்பெயர்கள்) முதல்ல உண்மையான எழுத்தாக்கவேணும். பாமினியில 'ஈ' இருக்கிறது கணக்கில 'சிறியது' எண்டு போடுற கோணக்குறியின்ர இடத்தில. எச்டிஎம்எல்லில அந்தக் குறியை என்டிட்டியாத்தான் எழுதியிருப்பினம். அதைக் கவனியாமல் மாத்தினால் 'ஈ'யில தொடங்குற சொல் ஒவ்வொண்டும் குழம்பும்.

இதெல்லாம் செய்தாலும் மூண்டு பிழை கட்டாயம் மிஞ்சும்.

காற்புள்ளி 'இ' ஆகும். பாமினியில காற்புள்ளியின்ர இடத்தில இருக்கிறது 'இ'. தட்டச்சு செய்தவர் காற்புள்ளிக்கு மட்டும் வேற எழுத்துருவுக்கு மாறியிருப்பார். வடிவமைப்பை இழந்த உரையில அந்த வேறுபாடு இல்லை. அதாலதான் 'சுன்னாகம்இ மல்லாகம்இ தெல்லிப்பழை' எண்டமாதிரி வரிகளை எங்கட பக்கத்துத் தளங்களில இண்டைக்கும் காணுறம். சொல்லுக்கு நடுவிலயோ கடைசியிலயோ தனி உயிரெழுத்து வாறது தமிழில அருமை எண்டபடியால், தமிழ் எழுத்துக்குப் பின்னால ஒட்டி வாற 'இ'யைக் காற்புள்ளியாக்கலாம். அளபெடை மட்டும் விலக்கு. நிலையத்தின்ர தளத்தில குறள் போட்டிருந்தால் 425ஆம் குறளில 'தழீஇய' வரும். அதைக் காற்புள்ளியாக்கிப் போடாதேங்கோ. ஈகார ஒலிக்குப் பின்னால வாற 'இ'யை ஸ்கிரிப்ட் தொடாமல் விட்டு, கண்ணால பார்த்துத் திருத்துறதுதான் பாதுகாப்பு.

அடுத்தது ஔகாரம். பாமினியில ஔகாரக் குறியின்ர பின்பாதியும் 'ள'வும் ஒரே எழுத்து. மாத்தினாப்பிறகு 'பௌர்ணமி' எண்ட சொல் கொம்பும் 'ப'வும் 'ள'வும் தனித்தனியா நிக்கிற 'பெளர்ணமி' ஆகும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் அகப்படாது. கௌரி, சௌந்தரம், மௌனம் எல்லாத்துக்கும் இதே கதி. மொத்தமா மாத்தினாலோ 'வெள்ளி', 'தெளிவு', 'கெளுத்தி' எல்லாம் பழுதாகும். விதி இதுதான்: கொம்புக்குப் பின்னால வாற 'ள'வுக்குப் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் விட்டுவிடுங்கோ, 'ள' வெறுமையா நிண்டால் மட்டும் ஔகாரக் குறியாக்குங்கோ.

மூண்டாவது, பாமினி டேக்குக்குள்ளேயே தட்டின ஆங்கிலம். பழைய அடையாள அட்டை இலக்கத்தின்ர கடைசியில வாற 'வி' எழுத்து 'ஏ' ஆகிவிடும். இலக்கங்கள் மாறாது எண்டபடியால் பார்வைக்குத் தப்பிவிடும். 'ஒன்பது இலக்கமும் ஒட்டி ஒரு ஏயும்' எண்டு தேடிப் பாருங்கோ.

முடிஞ்சதும் எல்லாத்தையும் யூனிகோட் என்எஃப்சி (ஒரே எழுத்தை எப்பவும் ஒரே விதமா எழுதுற) வடிவத்துக்குக் கொண்டுவாங்கோ. 'கொ' எண்டதில ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி எண்டு ரெண்டாகவும் எழுதலாம். தரவுத்தளத்தில ரெண்டும் கலந்து கிடந்தால் 'கொக்குவில்' எண்டு தேடினால் பாதிப் பக்கம்தான் வரும். கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமிச்சு, 'சார்செட்' மெட்டா டேக்கை 'ஹெட்'டின்ர முதல் வரியாப் போடுங்கோ. முதல் 1024 பைட்டுக்குள்ள அது வரவேணும் எண்டது நியமத்திலயே இருக்கு.

---

கோண்டாவில்_தெற்கு

எழுத்தாணி சொன்ன ஒழுங்கு சரி. எழுத்து முடிந்தபின் டேக் வேலைக்கு வருவோம்.

முதல் வரியில் டாக்டைப் (இது எச்டிஎம்எல் ஆவணம் என்ற அறிவிப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பக்கங்களில் பெரும்பாலும் இராது. அது இல்லாவிட்டால் பிரவுசர் 'குவர்க்ஸ்' நிலைக்குப் போய், 1990களின் பிரவுசர்கள் நடந்துகொண்டபடி பக்கத்தை வரையும். டாக்டைப்பைச் சேர்த்த உடனே பக்கத்தின் தோற்றம் மாறும், பயப்பட வேண்டாம். குவர்க்ஸ் நிலையில் அட்டவணைக்குள் உள்ள எழுத்து வெளியே கொடுத்த அளவைப் பெறாது, நியம நிலையில் பெறும். சதவீதத்தில் கொடுத்த உயரங்களும் வேறுமாதிரி நடக்கும். ஆகவே டாக்டைப்பை முதலில் சேர்த்து, தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸைப் பிறகு எழுதுங்கள். மாறிச் செய்தால் நீங்கள் பயப்படுகிற அதே இரட்டை வேலைதான்.

அடுத்து 'எச்டிஎம்எல்' டேக்கிலேயே 'லாங்' பண்பைத் தமிழுக்குரிய இரண்டெழுத்துக் குறியீட்டோடு கொடுங்கள். ஆங்கிலத்திலேயே எழுதிய பந்தி இருந்தால் அந்தப் பந்திக்கு மட்டும் ஆங்கிலக் குறியீடு. தமிழ் எழுத்தில் எழுதிய 'பஸ்', 'பாங்க்' போன்றவற்றுக்கு ஒன்றும் வேண்டாம்.

பிறகு உடல். தோற்றத்தை முழுவதும் மறந்துவிட்டு, ஒரு பக்கத்தின் உரையைக் கடதாசியில் எழுதினால் எது தலைப்பு, எது உபதலைப்பு, எது பட்டியல், எது அட்டவணை என்று முடிவு செய்யுங்கள். அந்த முடிவுதான் மார்க்அப். மேலே 'ஹெடர்', அதற்குள் 'நாவ்', நடுவே ஒரேயொரு 'மெயின்', கீழே 'ஃபூட்டர்'. பக்கத்தின் பெயருக்கு ஒரு 'எச்1'. அதன் பிரிவுகளுக்கு 'எச்2', அதற்குள் வருவதற்கு 'எச்3'. எழுத்துச் சிறிதாக வேண்டும் என்பதற்காக 'எச்4'க்குப் பாயக்கூடாது. அளவு சிஎஸ்எஸ்ஸின் வேலை. தடித்த எழுத்தில் போட்ட பந்தி தலைப்பும் அல்ல. பேஜ் பில்டர் பக்கங்களில் இந்தப் பிழைதான் மலிந்திருக்கும்.

ஒவ்வொரு செய்தியும் தனியே எடுத்தாலும் முழுமையாக நிற்கும் என்றால் 'ஆர்டிக்கிள்'. 'செக்ஷன்' என்பதைத் தலைப்புள்ள பிரிவுக்கு மட்டும் பாவியுங்கள். தலைப்பு ஒன்றும் இல்லாமல் நிறம் கொடுப்பதற்காக ஒரு பெட்டி வேண்டுமென்றால் 'டிவ்' முற்றிலும் சரியானது. 'டிவ்'வே கூடாது என்று எல்லாவற்றையும் 'செக்ஷன்' ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை.

கணக்கறிக்கைதான் உண்மையான அட்டவணை. அங்கே 'டேபிள்' போடத்தான் வேண்டும். 'கேப்ஷன்' டேக்கில் 'வரவு செலவு அறிக்கை' என்று மாதத்தையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். மேல் வரிசைத் தலைப்புகளுக்கு 'டிஎச்'சும் நிரலைக் குறிக்கும் 'ஸ்கோப்'பும். இடப்பக்கம் 'மின்கட்டணம்', 'பத்திரிகைச் செலவு' என்று வருகிற பெயர்களுக்கும் 'டிஎச்'தான், அதற்கு வரிசையைக் குறிக்கும் 'ஸ்கோப்'. தொகைகளை வலப்பக்கம் ஒதுக்குவதை சிஎஸ்எஸ்ஸில் செய்யுங்கள், வெற்றிடம் தட்டிச் செய்யாதீர்கள். சிறிய திரையில் அட்டவணை வெளியே தள்ளினால் அதைச் சுற்றி ஒரு 'டிவ்' போட்டு, அந்த 'டிவ்'வுக்குக் கிடையாக உருளும் வசதி கொடுங்கள். 'டேபிள்' டேக்கையே 'பிளாக்' ஆக மாற்றினால் சில பிரவுசர்களில் திரைவாசிப்பானுக்கு அது அட்டவணையாகத் தெரியாமலே போகும்.

சிஎஸ்எஸ்ஸில் தமிழுக்கென்று கவனிக்க வேண்டியவை சில உண்டு. மேலே விசிறியும் கீழே சுழியும் உள்ள எழுத்துகள் அடுத்தடுத்த வரிகளில் மோதாமல் இருக்க வரி உயரம் 1.6க்குக் குறையக்கூடாது. எழுத்திடைவெளியைக் கூட்டாதீர்கள். இருபக்கமும் சமமாக ஒதுக்கும் 'ஜஸ்டிஃபை' வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம், கைத்தொலைபேசியில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் வரும், இடையிலே பெரிய ஓட்டைகள் விழும். 'பரிசளிப்புவிழாவிற்கான' போன்ற நீளச் சொல் 320 பிக்சல் திரையில் தலைப்பாக வந்தால் வெளியே ஓடும். 'ஓவர்ஃப்ளோ ராப்' கொடுத்துவையுங்கள். சாய்வெழுத்து தமிழ் அச்சில் இயல்பானதல்ல. வலியுறுத்த வேண்டுமென்றால் 'ஸ்ட்ரோங்' போதும்.

எழுத்துருவைக் கட்டாயம் ஏற்றத்தான் வேண்டும் என்றில்லை. அண்ட்ரொய்டில் நோட்டோ தமிழும், விண்டோஸ் 8 முதல் நிர்மலாவும் கூடவே வருகின்றன. ஏற்றுவதானால் தடித்ததும் சாதாரணமும் என்று இரண்டோடு நிறுத்துங்கள்.

வலிடேற்றர் பற்றிக் கேட்டீர்கள். பிழை பூச்சியம் என்பது இலக்கணம் சரி என்ற சான்று. மூடாத டேக், இரண்டு இடத்தில் ஒரே 'ஐடி', இடம் மாறிய டேக் எல்லாவற்றையும் அது பிடிக்கும். அவற்றைக் கட்டாயம் திருத்துங்கள். ஆனால் பக்கம் முழுவதையும் 'டிவ்'வால் கட்டி, தலைப்பே இல்லாமல் விட்டாலும் அது பூச்சியம்தான் காட்டும்.

---

திரைவாசிப்பு

கோண்டாவில்_தெற்கு கடைசியாச் சொன்னதில இருந்து தொடர்கிறேன். வலிடேற்றர் காட்டாததைக் கேட்டுத்தான் அறியலாம். என்விடிஏ எண்ட திரைவாசிப்பான் இலவசம், அதோட வாற இஸ்பீக் குரல் தமிழும் வாசிக்கும். அதை நிறுவி, திரையை அணைச்சுப்போட்டு 'எச்' விசையை மட்டும் அழுத்திக்கொண்டு போங்கோ. ஒவ்வொரு அழுத்தலுக்கும் அடுத்த தலைப்புக்குப் பாயும். பார்வையற்ற ஒருவர் பக்கத்தை மேலோட்டமாப் பார்க்கிறது இப்பிடித்தான். தலைப்பு டேக் இல்லாத பக்கத்தில அடுத்த தலைப்பு இல்லை எண்டு சொல்லும், அவ்வளவுதான். பிறகு முதல் வரியில இருந்து எல்லாத்தையும் கேக்கவேணும்.

இன்சேர்ட்டும் எஃப்7உம் சேர்த்து அழுத்தினால் இணைப்புகளின்ர பட்டியல் வரும். அதில 'மேலும் வாசிக்க' எண்டு பத்து, 'இங்கே அழுத்தவும்' எண்டு ஏழு கிடந்தால் ஆருக்கும் பிரயோசனமில்லை. செய்தியின்ர தலைப்பையே இணைப்பாக்குங்கோ.

பேஜ் பில்டரின்ர 'டிவ்' பொத்தான்கள் பற்றி. 'டிவ்'வுக்குச் சொடுக்கு நிகழ்வைக் கட்டினால் மவுசுக்கு வேலை செய்யும். டாப் விசையால அதில போய் நிக்கேலாது, என்டரும் ஸ்பேசும் வேலை செய்யாது, திரைவாசிப்பான் அதைப் பொத்தான் எண்டு சொல்லவும் மாட்டுது. மூண்டையும் ஜாவாஸ்கிரிப்ட்டில எழுதிச் சேர்க்கிற நேரத்தில 'பட்டன்' டேக்கைப் போட்டால் மூண்டும் சும்மா கிடைக்கும். வேற பக்கத்துக்குப் போறதெண்டால் இணைப்பு. அதே பக்கத்தில ஒரு காரியம் நடக்கிறதெண்டால் பொத்தான். 'அவுட்லைன்' பூச்சியம் எண்டு சிஎஸ்எஸ்ஸில கண்டால் உடன எடுத்துவிடுங்கோ. விசைப்பலகையால வாறவருக்கு எங்க நிக்கிறம் எண்டு காட்டுறது அந்தக் கோடுதான்.

விண்ணப்பப் படிவத்தைக் கொஞ்சம் நிண்டு பார்க்கவேணும். ஒவ்வொரு பெட்டிக்கும் 'லேபிள்' டேக். அதின்ர 'ஃபோர்' பண்பும் பெட்டியின்ர 'ஐடி'யும் ஒண்டா இருக்கவேணும். பெட்டிக்குள்ள மங்கலாத் தெரியுற 'பிளேஸ்ஹோல்டர்' லேபிளுக்குப் பதிலாகாது, தட்டத் தொடங்கினதும் மறைஞ்சுபோகும்.

பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் எண்டு ரெண்டாப் பிரிக்காதேங்கோ. எங்கட ஆக்கள் தகப்பன்ர பெயரையோ முன்னெழுத்தையோ முன்னுக்குப் போடுவினம், கனபேருக்குக் குடும்பப்பெயரே இல்லை. 'முழுப்பெயர்' எண்டு ஒரே பெட்டி போதும்.

அடையாள அட்டை இலக்கத்துக்கு 'நம்பர்' வகைப் பெட்டி போடுறது அடிக்கடி காணுற பிழை. பழைய அட்டையில ஒன்பது இலக்கமும் கடைசியில 'வி' அல்லது 'எக்ஸ்' எழுத்தும். புதியதில பன்னிரண்டு இலக்கம். நம்பர் பெட்டி அந்த எழுத்தை ஏற்காது, பழைய அட்டைக்காரர் விண்ணப்பிக்கவே ஏலாமல் போகும். 'டெக்ஸ்ட்' வகை போட்டு, ரெண்டு வடிவத்தையும் ஏற்கிற 'பாற்றேர்ன்' கொடுத்து, பெரிய எழுத்து சின்ன எழுத்து ரெண்டையும் விடுங்கோ. தொலைபேசிக்கு 'டெல்' வகை. அதைப் பத்து இலக்கம் எண்டு பூட்டாதேங்கோ. கனடாவில, சுவிசில இருந்து விண்ணப்பிக்கிற உறுப்பினர் இருப்பினம்.

பிழை விட்டால் பெட்டியைச் சிவப்பாக்கினால் மட்டும் காணாது. 'அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமாக, அல்லது பன்னிரண்டு இலக்கமாக இருக்கவேண்டும்' எண்டு பெட்டிக்குக் கீழ எழுத்தில எழுதி, 'ஏரியா டிஸ்கிரைப்டுபை'யால பெட்டியோட இணையுங்கோ. சேர்வரிலயும் அதே சோதனையை வையுங்கோ.

நிற வேறுபாடு சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1. இது டபிள்யூசிஏஜி எண்ட அணுகல்தன்மை வழிகாட்டியின்ர இரட்டை-ஏ மட்டம். 2023 ஒக்டோபரில வந்த 2.2 பதிப்பு, அழுத்துற இடம் 24க்கு 24 பிக்சலுக்குக் குறையக்கூடாது எண்டதையும் சேர்த்திருக்கு. வியூபோர்ட் மெட்டாவில (பக்கம் திரைக்கு எப்பிடிப் பொருந்தவேணும் எண்டு சொல்லுற டேக்) பெருப்பிக்கிறதைத் தடுக்கிற சொல் ஏதும் கிடந்தால் அழிச்சுவிடுங்கோ. வாசிகசாலைக்கு வாற வயசானவை ரெண்டு விரலால விரிச்சுத்தான் வாசிக்கினம்.

---

இணுவில்_இணையன்

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஔகாரப் பிரச்சினை தளம் முழுக்கக் கிடக்கு, தேடிப் பார்த்தன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். அழைப்பிதழும் அறிவித்தலும் அச்சகத்தில இருந்து படமாத்தான் வாட்ஸ்அப்பில வரும். நிலையத்தில அதை அப்பிடியே ஏத்திவிடுவினம். 'ஆல்ட்' பண்பில முழு உரையையும் எழுதிப்போட்டால் சரியோ? மற்றது, பக்க முகவரிகளைத் தமிழில வைக்கலாமோ?

---

நாவற்குழி_நிரல்

ஆல்ட்டில் முழு உரையையும் எழுதாதீர்கள். அது ஒரே மூச்சில் வாசிக்கப்படும். தலைப்பு, திகதி, இடம் என்று பிரிக்க முடியாது, பார்க்கிறவர்களுக்குத் தெரியவும் மாட்டாது. உரையைப் பக்கத்திலேயே எழுதுங்கள். விழாவின் பெயர் 'எச்1'. திகதியும் நேரமும் 'டைம்' டேக்கில், அதன் 'டேட்டைம்' பண்பில் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் இலக்கமாக. நிகழ்ச்சி நிரல் வரிசைப்படி நடப்பதால் 'ஓஎல்' (வரிசைப் பட்டியல்). தொடர்பு இலக்கத்தை, தொட்டால் அழைப்புப் போகிற இணைப்பாகப் போடுங்கள். கூட்டல் குறியோடு நாட்டுக் குறியீடு 94 சேர்த்து, முன்னால் உள்ள பூச்சியத்தை எடுத்துவிட்டு. யாழ்ப்பாண நிலையான தொலைபேசி 021 என்றால் இணைப்பில் +94, 21 என்று வரவேண்டும். அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து தொட்டாலும் அழைப்புப் போகும். இதற்குக் கீழே படம். அதன் ஆல்ட் 'அழைப்பிதழின் படம், விபரம் மேலே' என்ற அளவில் போதும்.

கனதியையும் பாருங்கள். 250 சொல் அறிவித்தல் ஏறத்தாழ 2000 குறியெண் வரும். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியெண் ஒன்றுக்கு மூன்று பைட், ஆக 6 கிலோபைட். அச்சுக்குச் செய்த படம் 2 மெகாபைட் என்றால் முந்நூறு மடங்குக்கு மேல். படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, 'விட்த்', 'ஹைட்' பண்புகளைக் கட்டாயம் எழுதுங்கள். அவை இல்லாவிட்டால் படம் வந்து சேர்ந்ததும் கீழே உள்ள உரை எல்லாம் துள்ளி இறங்கும். வாசித்துக்கொண்டிருப்பவர் இடத்தைத் தவறவிடுவார். கீழே வரும் படங்களுக்கு 'லேசி' ஏற்றம் கொடுக்கலாம். பக்கத்தைத் திறந்ததும் தெரிகிற படத்துக்குக் கொடுக்காதீர்கள், அது பிந்தித்தான் வரும்.

அச்சகத்திடம் படத்தோடு உரையையும் கேளுங்கள். பாமினியில் தந்தால் எழுத்தாணி சொன்ன அதே ஸ்கிரிப்டால் மாற்றலாம்.

முகவரி தமிழில் வைப்பது நியமப்படி சரிதான், பிரவுசரும் அழகாகக் காட்டும். பிரச்சினை அதைப் பிரதி பண்ணி அனுப்பும்போது. 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லில் 11 குறியெண், 33 பைட். பிரதி பண்ணும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரிந்து, அந்த ஒரு சொல்லே 99 எழுத்தாகும். செய்தித் தலைப்பு முழுவதையும் முகவரியாக்கினால் வாட்ஸ்அப்பில் ஒரு திரை நீளத்துக்கு நிற்கும். சில மின்னஞ்சல்களில் இடையிலே முறிந்தும் போகும். ஆண்டையும் ஆங்கில எழுத்தில் குறுகிய பெயரையும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்த் தலைப்பு 'டைட்டில்' டேக்கிலும் 'ஓஜி டைட்டில்' மெட்டாவிலும் இருந்தால் பகிரும்போது அதுதான் காட்டப்படும். 'ஓஜி இமேஜ்' முகவரியை முழுமையாக எழுதுங்கள். பாதி முகவரி எழுதினால் முன்னோட்டப் படம் பெரும்பாலும் வராது.

---

கச்சேரியடி

நிர்வாகசபைக்கு விளங்கப்படுத்துறதைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. அங்க போய் 'செமான்ரிக்', 'நியமம்' எண்டு கதைக்க வேண்டாம். செய்து காட்டுங்கோ.

போன வருச விழா அறிவித்தலில இருந்து ஒரு வரியைக் கூகிளில தேடிக் காட்டுங்கோ. படத்துக்குள்ள கிடக்கிற வரி எண்டபடியால் தளம் வரும் எண்டு நம்பேலாது. பாமினிப் பக்கத்தின்ர ஒரு சொல்லையும் அதேபோலத் தேடுங்கோ. அதுக்குப் பிறகு தலைவரின்ர கைத்தொலைபேசியிலேயே பழைய பக்கமொண்டைத் திறந்து குடுங்கோ. கடைசியா, ஒரே ஒரு பக்கத்தை மட்டும் முழுசாத் திருத்தி எழுதி, அதையும் அதே தொலைபேசியில திறவுங்கோ. டோக்பாக்கைப் (அண்ட்ரொய்டின்ர திரைவாசிப்பான்) போட்டு வாசிக்கவும் விடுங்கோ. கணக்கறிக்கைப் பக்கம் இதுக்கு நல்லது, சபைக்கு அதில அக்கறை கூட.

செலவைக் கேட்பினம். அதுக்குச் சொல்லவேண்டியது, அடுத்த தரம் ஆர் வந்து திருத்தினாலும் முதல்ல இருந்து தொடங்க வேண்டியிராது எண்டதுதான். 1990களில ஒவ்வொரு பிரவுசரும் தன்ர தன்ர டேக்கைச் சேர்த்து, ஒண்டுக்கு எழுதின பக்கம் மற்றதில உடைஞ்சது. 1998இல வெப் ஸ்டாண்டர்ட்ஸ் புரொஜெக்ட் எண்ட குழு தொடங்கி, பிரவுசர் செய்யிற நிறுவனங்களிட்டையே நியமத்தைக் கடைப்பிடிக்கச் சொல்லிப் போராடினதால இண்டைக்கு ஒரு தரம் எழுதினது எல்லாத்திலயும் திறக்குது. 2019 முதல் டபிள்யூ3சியும் பிரவுசர் நிறுவனங்களின்ர வாட்விஜி குழுவும் ஒரே எச்டிஎம்எல் நியமத்தையே வைச்சிருக்கினம். பேஜ் பில்டர் நிறுவனம் கடையைப் பூட்டினால் அதின்ர பக்கமும் போகும். நியமப்படி எழுதின எச்டிஎம்எல் கோப்பை எந்தச் சேர்வரிலயும் தூக்கி வைக்கலாம்.

'கூகிளில முதல் வரும்' எண்டு மட்டும் வாக்குக் குடுக்காதேங்கோ. நல்ல மார்க்அப் பக்கத்தை வாசிக்கக்கூடியதாக்கும், முதலிடம் வாங்கித் தராது.

---

கோண்டாவில்_தெற்கு

கச்சேரியடி கடைசியாகச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நியமம் என்ற சொல்லையே சபையில் எடுக்க வேண்டாம் என்பதில் உடன்பாடில்லை. ஒப்பந்தக் கடதாசியில் அது எழுத்தில் இருக்கவேண்டும்: யூனிகோட் தமிழ், வலிடேற்றரில் பிழையின்மை, டபிள்யூசிஏஜி 2.2 இரட்டை-ஏ, அறிவித்தல்கள் உரையாக. இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் மறுபடியும் படமாக ஏற்றுவார், அவரைக் கேட்க ஒரு பிடி இராது.

பழைய முகவரிகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 140 பக்கத்துக்கும் பழையது, புதியது என்று இரண்டு நிரலில் ஓர் அட்டவணை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 301 (நிரந்தரத்) திருப்பல் போடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் வந்தவர் தேடியது கிடைக்காமல் போய்விடுவார், கூகிளும் அதை இல்லாத பக்கமாகவே கணக்கெடுக்கும். பழைய சேர்வரில் முகவரியின் பெரிய எழுத்துச் சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கப்படாமல் இருந்து, புதியது லினக்ஸ் என்றால் அதனாலேயே பல இணைப்புகள் உடையும். படக் கோப்புகளின் பெயர்களையும் சேர்த்துப் பாருங்கள். மாற்றிய பிறகு முதல் மாதம் சேர்வர் பதிவில் 404 (பக்கம் இல்லை) வருகிற முகவரிகளைக் கிழமைக்கு ஒரு தரம் எடுத்து, விடுபட்டதை அட்டவணையில் சேர்த்துக்கொண்டு வாருங்கள்.